கால்களால் பார்க்கப்படும் படங்கள்

1985இல் கிழக்கு ஜெர்மனியின் திரையரங்குகளில் ‘பீட் ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கப் படம் ஓடியது. நியூயார்க் நகரின் தெற்கு பிராங்க்ஸில் வாழும் ஏழைப் பிள்ளைகளின் கதை. ஒருவன் டி.ஜே. அவனுடைய தம்பி பிரேக் டான்ஸ் ஆடுபவன். நண்பன் ஒருவன் சுரங்க ரயில் பெட்டிகளில் ஸ்பிரே பெயிண்டால் ஓவியம் வரைகிறான். படம் முழுக்கக் குளிர்காலம், பாழடைந்த கட்டடங்கள், கையில் காசில்லாத இளைஞர்கள். ஓவியம் வரைபவன் கடைசியில் மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் விழுந்து சாகிறான்.

கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட நாட்டில் இப்படி ஒரு ஹாலிவுட் படத்துக்கு எப்படி அனுமதி கிடைத்தது? அமெரிக்க முதலாளித்துவத்தின் அடித்தட்டை இது அப்பட்டமாகக் காட்டுகிறது என்று அதிகாரிகள் நம்பினார்கள். தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹாரி பெலஃபாண்டேமீது அவர்களுக்கு மதிப்பும் இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பாடகர் அவர். 1983 அக்டோபரில் கிழக்கு பெர்லினுக்கே வந்து அமைதிக்கான கச்சேரியில் பாடியிருந்தார். அவர் எடுத்த படத்தைப் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு அமெரிக்க மோகம் தெளிந்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

பிள்ளைகள் திரும்பத் திரும்பத் திரையரங்குக்குப் போனார்கள். ஆனால் வறுமையைப் பார்க்கப் போகவில்லை. ராக்ஸி என்ற கிளப்பில் ராக் ஸ்டெடி க்ரூ, நியூயார்க் சிட்டி பிரேக்கர்ஸ் என்ற இரண்டு நடனக் குழுக்கள் எதிரெதிரே நின்று ஆடும் காட்சி ஒன்று படத்தில் வருகிறது. அதைப் பார்க்கத்தான் போனார்கள். முதுகில் சுழல்வது எப்படி, சுழற்சியிலிருந்து சட்டென்று உறைந்து நிற்பது எப்படி, கை எங்கே ஊன்றியிருக்கிறது, எடை எந்தத் தோளுக்கு மாறுகிறது என்று ஒவ்வொன்றையும் மனதில் பதித்துக்கொண்டு வெளியே வந்து, தரையில் விழுந்து பழகினார்கள். கடையில் கிடைக்காத கோடு போட்ட ஸ்போர்ட்ஸ் உடைகளை வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் லைப்சிக், டிரெஸ்டன், டெஸ்ஸாவ், கிழக்கு பெர்லின் என்று பல ஊர்களின் பொது இடங்களில் ஆட்டம் தொடங்கிவிட்டது. முதலில் போலீஸ் கலைத்துப் பார்த்தது. அடங்காது என்று தெரிந்ததும் அரசு வேறு வழிக்கு வந்தது. கலாச்சார மையங்களில் பயிற்சிக்கு இடம் தந்தது. குழுக்கள் ஒரு நடுவர் குழு முன்னால் ஆடிக் காட்டி, தரச்சான்று வாங்கிக்கொண்டால் சம்பளத்துக்கு மேடை ஏறலாம் என்று ஏற்பாடு செய்தது. பிராங்க்ஸ் தெருவில் பிறந்த ஆட்டம் சோஷலிச அரசின் அனுமதி பெற்ற கலை நிகழ்ச்சியானது இப்படித்தான்.

பதின்வயதினருக்கான தெரு நடனப் படங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் முதலில் இந்தச் சம்பவத்தைத்தான் நினைப்பேன். அந்த அதிகாரிகள் முட்டாள்கள் இல்லை. கதையைப் படித்தார்கள், கதை சொல்லும் கருத்தைக் கணித்தார்கள், அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது. இந்த வகைப் படத்துக்கு வரும் ரசிகர் கதையைப் பார்ப்பதில்லை என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் கால் தட்டிக்கொண்டு, தன் உடம்பால் அதைச் செய்ய முடியுமா என்று யோசித்துக்கொண்டே பார்க்கிறார். நாற்பது ஆண்டுகளாக விமர்சகர்களுக்கும் ரசிகர்களுக்கும் நடுவில் இந்தப் படங்கள் மாட்டிக்கொண்டு தவிப்பதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். பிரேக்கிங் 1970களின் பிராங்க்ஸில் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் டி.ஜே. கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். பாடலில் பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகள் இருக்குமே, அதற்குத்தான் ‘பிரேக்’ என்று பெயர். ஆடுபவர்கள் அந்த விநாடிகளுக்காகவே காத்திருப்பதைக் கவனித்த ஹெர்க், இரண்டு இசைத்தட்டுகளை வைத்து அதை நீட்டிக்கொண்டே போனார். அதில் இறங்கி ஆடியவர்கள் பிரேக் பாய்ஸ், சுருக்கமாக பி-பாய்ஸ். பத்து ஆண்டு காலம் இது ஒரு நகரத்தின் சில தெருக்களுக்குள்ளேயே இருந்தது. யூடியூப் கிடையாது, வீட்டுக்கு வீடு வீடியோ கிடையாது. நேரில் பார்த்தால்தான் உண்டு.

1983இல் வந்த ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ இந்த நிலையை மாற்றியது. அது தெரு நடனப் படமே இல்லை. பிட்ஸ்பர்கில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டு நடனப் பள்ளிக்கு ஆசைப்படும் பெண்ணின் கதை. அவள் நடந்து போகும் தெருவோரத்தில் ராக் ஸ்டெடி க்ரூ பையன்கள் ஆடும் சின்னக் காட்சி ஒன்று நடுவில் வருகிறது, அவ்வளவுதான். உலகின் பல மூலைகளில் இருக்கும் மூத்த பி-பாய்களிடம் முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், அவர்களில் பலர் இந்தச் சின்னக் காட்சியைத்தான் சொல்கிறார்கள். ஒன்றரை மணி நேரப் படத்தில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துணுக்கு ஒரு தலைமுறையை ஆட வைத்திருக்கிறது. அதே காலத்தில் ‘வைல்ட் ஸ்டைல்’ என்ற ஹிப்-ஹாப் படத்தின் குழுவினர் டோக்கியோவுக்குப் போய் ஆடிக் காட்ட, அங்கே யோயோகி பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பையன்கள் கூட ஆரம்பித்தார்கள்.

லாபம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஹாலிவுட் பாய்ந்தது. 1984 மே மாதம் ‘பிரேக்கின்’, ஜூனில் ‘பீட் ஸ்ட்ரீட்’, டிசம்பருக்குள் ‘பிரேக்கின்’ படத்தின் இரண்டாம் பாகமே வந்துவிட்டது. சுமார் 12 லட்சம் டாலரில் எடுத்த முதல் பாகம் அமெரிக்காவில் மட்டும் 3.8 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. கதை என்னவென்று கேட்டால், மேடை நடனம் கற்ற ஒரு பெண் தெருவில் ஆடும் இரண்டு இளைஞர்களோடு சேர்கிறாள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இளைஞர்களில் ஒருவராக நடித்த மைக்கேல் சேம்பர்ஸ் கடை வாசலைப் பெருக்க வந்து, துடைப்பத்தையே ஜோடியாக்கிக்கொண்டு ஆடும் காட்சியைப் பார்த்தவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. உடம்பில் எலும்பே இல்லையோ என்று தோன்றும்.

சேம்பர்ஸ் ஆடியது உண்மையில் பிரேக்கிங் இல்லை. அது பாப்பிங், தசைகளைத் தாளத்துக்கு வெட்டிவெட்டி இழுத்து ஆடுவது. அவருடன் நடித்த கினோனஸின் சொந்தக் கலை லாக்கிங், வேகமான அசைவின் நடுவில் சட்டென்று பூட்டியதுபோல நின்று ஆடுவது. இரண்டும் கலிஃபோர்னியாவில் தனியாக வளர்ந்தவை, நியூயார்க்கின் தரையாட்டத்தோடு நேரடி உறவில்லாதவை. படம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை ஒட்டிவிட்டது. உலகமும் அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் பள்ளி ஆண்டு விழாவில் ‘பிரேக் டான்ஸ்’ என்று அறிவித்தால் என்ன வரும்? ஒரு கையில் தொடங்கிய அலை தோள் வழியாக மறு கைக்குப் போகும், அப்புறம் மூன்வாக். தரையில் சுழல்பவர்கள் அபூர்வம். நம் பிள்ளைகள் பிரேக் டான்ஸ் என்று பெருமையோடு ஆடியதில் பாதிக்கு மேல் பாப்பிங்தான். பெயர் தப்பாக இருந்தாலும் ஆடிய ஆசை உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சரி, விமர்சகர்களின் குறை என்ன? கதை. 2001இல் வந்த ‘சேவ் தி லாஸ்ட் டான்ஸ்’ முதல் 2006இல் தொடங்கிய ‘ஸ்டெப் அப்’ வரிசை வரை ஏறத்தாழ ஒரே அச்சு. பயிற்சி பெற்ற நடனக்காரர் ஒருவர், தெருவில் கற்றவர் ஒருவர். இருவரும் முதலில் உரசி, பிறகு ஒட்டி, நடுவில் ஒரு பிரிவைச் சந்தித்து, கடைசியில் ஒரு போட்டியிலோ தேர்விலோ இரண்டு பாணிகளையும் கலந்து ஆடி ஜெயிப்பார்கள். நண்பனோ தம்பியோ சாவான், அல்லது ஆடும் இடத்தை யாரோ இடிக்க வருவார்கள். முதல் ‘ஸ்டெப் அப்’ வந்தபோது பெரும்பாலான விமர்சகர்கள் இதைச் சொல்லித்தான் அடித்தார்கள். சுமார் 1.2 கோடி டாலர் செலவில் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்க 11.4 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. 2004இல் ‘யூ காட் சர்வ்ட்’ வாங்கிய அடி இன்னும் பலமானது. அது முதல் வாரமே அமெரிக்க வசூலில் முதலிடத்துக்குப் போனது.

கதையைப் பற்றி விமர்சகர்கள் சொன்னது முழுக்கச் சரி. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை. கதையே மறந்துபோன எத்தனை படங்களைப் பிரபுதேவாவின் ஒரு பாட்டுக்காக நாம் திரும்பப் பார்த்திருக்கிறோம்! நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. தெரு நடனப் படத்தில் கதை என்பது மாலையில் இருக்கும் நார் மாதிரி. அறுந்துவிடாமல் இருந்தால் போதும். அந்த நார் ஏன் எப்போதும் போட்டியில் போய் முடிகிறது என்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. பேட்டில் என்பது இந்த நடனத்தின் சொந்த வடிவம். ஒருவர் ஆடிவிட்டு விலக, எதிராளி அதற்குப் பதில் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் கத்தித் தீர்ப்பளிப்பது. படத்துக்குள்ளேயே ஒரு கூட்டம் நின்று ‘ஓ!’ என்று வாயைப் பிளக்கிறது. எந்த ஸ்டெப் கஷ்டமானது, எது எதிராளிக்குச் சரியான பதிலடி என்று நடனம் தெரியாதவருக்கும் அந்தக் கூட்டத்தின் முகம் சொல்லிக்கொடுத்துவிடும். திரைக்குள் இருக்கும் கூட்டத்தோடு திரைக்கு வெளியே இருக்கும் கூட்டமும் சேர்ந்து கத்துகிறது.

ஆடத் தெரிந்த ரசிகர் பார்க்கும் பார்வை வேறு. அவர் முதலில் தேடுவது ஏமாற்று வேலை எங்கே என்பதைத்தான். ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ கடைசிக் காட்சியில் கதாநாயகி நடுவர்கள் முன்னால் ஆடுகிறாள். நடிகை ஜெனிஃபர் பீல்ஸுக்காகப் பெரும்பாலும் ஆடியவர் மரீன் ஜஹான். பாய்ந்து உருளும் இடத்தில் ஒரு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. முதுகில் சுழலும் இடத்தில் ராக் ஸ்டெடி க்ரூவின் கிரேஸி லெக்ஸ் என்ற பையன், தலையில் விக் வைத்துக்கொண்டு! படம் வெளியானபோது ஜஹானின் பெயர் டைட்டிலில் இல்லை. விஷயம் வெளியே வந்து பெரிய பேச்சானது. இதில் மக்கள் காட்டிய கோபத்தை நான் மதிக்கிறேன். சண்டைக் காட்சியில் டூப் போட்டால் யாருக்கும் வலிப்பதில்லை. நடனத்தில் போட்டால் வலிக்கிறது. காரணம், அந்த உடம்பு உண்மையிலேயே அதைச் செய்தது என்ற நம்பிக்கையில்தான் ரசிகர் மனம் கொடுத்துப் பார்க்கிறார்.

வெட்டிவெட்டி எடுப்பதும் இதே குற்றம்தான். கால், முகம், கை, கூட்டத்தின் முகம், மறுபடி கால் என்று அரை விநாடிக்கு ஒரு துண்டாகக் காட்டினால் ஆடத் தெரியாதவரையும் ஆட வைத்துவிடலாம். 1930களிலேயே ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டேர் தன் நடனத்தைத் தலை முதல் பாதம் வரை முழு உருவமாக, முடிந்தவரை வெட்டாமல் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தப் பிடிவாதத்தின் அருமையை ‘ஸ்டெப் அப்’ வரிசையின் மூன்றாம் படத்தில் பார்க்கலாம். 2010இல் 3டியில் வந்த படம். லேசர் விளக்கு, தண்ணீர், திரையைக் கிழித்துக்கொண்டு வரும் கைகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ரசிகர்கள் இன்றும் எடுத்துப் பார்ப்பது எளிமையான ஒரு காட்சியை. மூஸ், கேமில் என்ற இரண்டு பாத்திரங்கள் நியூயார்க்கின் ஒரு தெருவில், அஸ்டேர் பாடிய பழைய பாட்டின் புது வடிவத்துக்கு, குப்பைத் தொட்டியையும் வாசற்படியையும் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். கேமரா பக்கத்திலேயே நடந்து போகிறது. காட்சி ஒரே ஷாட். இயக்குநர் ஜான் எம். சூ அந்த இரண்டு பேரின் கால்களையும் நம்பி ஒதுங்கி நின்றார்.

சூ இன்னொரு விஷயத்தையும் எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டவர். அவருடைய முதல் படம் 2008 பிப்ரவரியில் வந்த ‘ஸ்டெப் அப் 2’. கொட்டும் மழையில், தெருவில் தேங்கிய தண்ணீரை உதைத்துத் தெறிக்கவிட்டு ஆடும் அதன் க்ளைமாக்ஸ் உலகம் முழுக்க மேடைகளில் காப்பியடிக்கப்பட்டது. அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில் பாடகி மைலி சைரஸ் தன் தோழியோடு ஆடி யூடியூபில் போட்ட வீடியோவுக்கு, சூவும் மூஸாக நடித்த ஆடம் செவானியும் ஒரு குழுவைச் சேர்த்துப் பதில் வீடியோ போட்டார்கள். மாறிமாறி சவால் நடந்தது. பேட்டில் திரையரங்கைவிட்டு இறங்கிப் படுக்கையறைக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. எம்.டி.வி. நடத்திய நடனக் குழுப் போட்டியும் அந்த ஆண்டுதான் தொடங்கியது.

இதன் விளைவு வசூல் கணக்கில் அப்படியே தெரிகிறது. ‘ஸ்டெப் அப்’ வரிசையின் முதல் ஐந்து படங்களின் அமெரிக்க வசூலை வரிசையாக வையுங்கள்: ஏறத்தாழ 6.5 கோடி டாலர், 5.8 கோடி, 4.2 கோடி, 3.5 கோடி, 2014இல் ஐந்தாவது படத்துக்கு 1.5 கோடி. ஒரே இறக்கம். உலக வசூலைப் பார்த்தால் கதை வேறு: 11.4 கோடி, 15 கோடி, 15.9 கோடி, 14 கோடி, 8.6 கோடி. முதல் படத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் சொந்த நாட்டில் வந்தது. ஐந்தாவது படத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக வரவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இதைவிடப் புதிய ஸ்டெப்கள் இணையத்தில் இலவசமாகவும் அன்றன்றைக்கும் கிடைக்க ஆரம்பித்தன. பாடம் படிக்க வந்தவருக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. மற்ற நாடுகளில் இந்தப் படங்கள் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப் பிடித்ததற்குக் காரணம் நடனத்துக்கு சப்டைட்டில் தேவையில்லை என்பதுதான். வசனம் எவ்வளவு மட்டமோ அவ்வளவுக்கு அதை இழப்பதில் நஷ்டமும் குறைவு.

மற்ற நாடுகள் சொந்தமாகவும் எடுக்கத் தொடங்கின. பிரிட்டனில் 2010இல் ‘ஸ்ட்ரீட்டான்ஸ் 3டி’. டி.வி. போட்டிகளில் புகழ்பெற்ற குழுக்களை நேரே படத்துக்குள் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 2013இல் ரெமோ டிசோசா இயக்கி, பிரபுதேவா மாஸ்டராகவே நடித்த ‘ஏபிசிடி’. தமிழில் ‘ஆடலாம் பாய்ஸ் சின்னதா டான்ஸ்’ என்று டப் ஆனது. அதிலும் அதே அச்சுதான், அதே போட்டிதான். ஆனால் பிள்ளைகள் கடைசியில் ஆடுவது பிள்ளையார் ஊர்வல ஆட்டம். வெளியிலிருந்து வந்த ஸ்டெப்களுக்குள் மும்பைத் தெருவின் ஆட்டத்தைப் புகுத்தியதால்தான் அந்தக் கடைசிக் காட்சி வேலை செய்கிறது.

ஒரு மனக்குறையைச் சொல்லாமல் போக முடியாது. இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் பிராங்க்ஸின் கறுப்பினப் பிள்ளைகளும் போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளும். பெரிய வசூல் செய்த படங்களின் நாயகன் நாயகிகளோ பெரும்பாலும் வெள்ளையர். தெருவுக்கு வரும் வெள்ளைக்காரப் பெண்ணின் கண் வழியாகவே தெருவைக் காட்டுவது 1984இலேயே தொடங்கிவிட்டது. ஆட்டத்தின் சொந்தக்காரர்கள் அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் நண்பர்களாக நின்றுவிடுகிறார்கள். ‘யூ காட் சர்வ்ட்’, காலாலும் கையாலும் தாளம் தட்டி ஆடும் கறுப்பினக் கல்லூரி மாணவர்களின் ஸ்டெப்பிங் கலையைக் காட்டிய ‘ஸ்டாம்ப் தி யார்ட்’ ஆகிய படங்களில் நாயகர்கள் கறுப்பின இளைஞர்கள். இரண்டும் முதல் வாரத்தில் முதலிடம் பிடித்தன. தங்கள் ஆட்டத்தைத் தங்கள் முகத்தோடு பார்க்க மக்கள் வரிசையில் நிற்கத் தயாராக இருந்தார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஸ்டுடியோக்கள் பழைய அச்சையே பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

படங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் 2024 ஆகஸ்டில் உண்மையான பேட்டிலை டி.வி.யில் சந்தித்தன. பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதல்முறையாக இடம்பெற்றது. பலருக்குக் குழப்பம். படத்தில் இருபது பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்குவார்கள், மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த ஆட்டம் அது. இங்கே ஒருவருக்கு ஒருவர். டி.ஜே. அடுத்து எந்தப் பாட்டைப் போடுவார் என்று ஆடுபவருக்கே தெரியாது. அந்த நொடியில் தாளத்தைப் பிடித்து, எதிராளி கடைசியாகச் செய்ததற்குப் பதிலும் சொல்ல வேண்டும். ஒரு புள்ளிகூட எடுக்காத ஆஸ்திரேலிய வீராங்கனையைக் கேலி செய்யும் வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவின, அதைப் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் இறுதிப் போட்டியைப் பார்க்கவே இல்லை.

அந்த இறுதிப் போட்டியில் ஜப்பானின் ஆமி தங்கம் வென்றார். அவருக்கு எதிரே நின்று வெள்ளி வாங்கிய நிக்காவுக்கு வயது 17. ஊர் லிதுவேனியா. ‘பீட் ஸ்ட்ரீட்’ கிழக்கு ஜெர்மனியில் ஓடிய காலத்தில் அது சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தது.